பூஜையில் வைத்த ஹார்ட் டிஸ்க்குகள்

மாசி மாதத்தில் ஒரு நாள், முதல் ஷிப்ட் விட்டு கம்பெனி பஸ்கள் சுங்குவார்சத்திரத்தில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற நேரம், அந்தப் பெண் என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஆல்பம் வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்தால் அடுத்த விசேஷத்துக்குத்தான் வருவார்கள். அந்தப் பழக்கத்தில் நான், "வாம்மா, தம்பிக்கு மொட்டையா, காதுகுத்தா?" என்று கேட்டேன். அதைவிடக் கேவலமான கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

"புள்ள இல்லண்ணா," என்றாள். "மார்கழில பூட்டான். காய்ச்சலு. மூணே நாளு."

எனக்கு அவளை நன்றாக ஞாபகம் இருந்தது. பத்து மாதத்துக்கு முன், சித்திரையில், தண்டலத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் அவள் மகனின் முதல் பிறந்தநாளை நான்தான் எடுத்தேன். அவள் இங்கே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறவள். புருஷன் வேறொரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அதனால் பலூன் வளைவு, மூன்று அடுக்கு கேக், லைனில் கூட நிற்கும் அத்தனை பேருக்கும் பிரியாணி என்று தடபுடலாகச் செய்தார்கள். பையன் கேக்கைப் பார்த்ததும் இரண்டு கையையும் அதற்குள் விட்டுவிட்டான். நானும் சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

இப்போது அவளிடம் பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லை. காரியம் முடிந்த வாரமே மாமியார் ஆல்பத்தை எரித்துவிட்டாளாம். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பச்சைப் பிள்ளை போய்விட்டால் படம் மாட்டுவதில்லை, மாலை போடுவதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் பெற்றவள் தேறமாட்டாள், அடுத்தது தங்காது என்பார்கள். துணி, தொட்டில், பொம்மை எல்லாவற்றோடும் படமும் போகும். அவள் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தபோது போன்களில் இருந்ததைப் புருஷனே அழித்திருக்கிறான். போனுக்குள் இருக்கும் குப்பைத்தொட்டி வரைக்கும் தேடிப் போய் அழித்திருக்கிறான். சொந்தபந்தங்களையும் கெஞ்சி அழிக்க வைத்திருக்கிறான். ஆல்பத்தோடு நான் கொடுத்த பென் டிரைவில் இப்போது பஸ்ஸில் போடும் பாட்டுகள் இருக்கின்றன.

"உங்ககிட்ட ரெண்டு எடத்துல கீதுன்னு சொன்னீங்க இல்லண்ணா," என்றாள். "எனக்கு எல்லாம் வாணாம். மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு குடுங்க. அவுங்களுக்குத் தெரியாம வச்சுக்குறேன்."

என்னிடம் இல்லை. இரண்டு இடத்திலும் இல்லை. ஆனால் நான், "இருக்கும்மா, தேடி எடுத்து வைக்கிறேன்," என்றேன். அவள் முகத்தில் ஒரு உயிர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் கொஞ்சம் வாய்நீளம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் போட்டோ எடுக்கிறவர்கள் டீக்கடையில் கூடினால் என் பிரசங்கம் இல்லாமல் இருக்காது. ஒருவன் கேமரா கார்டைச் சட்டைப்பையில் வைத்துத் துவைக்கப் போட்டான். இன்னொருவன் ஷேர் ஆட்டோவில் லேப்டாப்பை விட்டுவிட்டு இறங்கினான். ஒவ்வொருவன் தலையிலும் நான் மணிக்கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். கார்டை நம்பாதே, கம்ப்யூட்டரை நம்பாதே, ஒரே டிஸ்க்கை நம்பவே நம்பாதே என்பேன். என் தலை தெரிந்தாலே, "பேக்கப் வந்துட்டாருடா, எழுந்திரு," என்று கிண்டல் செய்வார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

என் முறை இதுதான். மண்டபத்தில் பந்தி நடக்கும்போதே ஒரு மூலையில் உட்கார்ந்து கார்டில் இருப்பதை லேப்டாப்பில் ஏற்றிவிடுவேன். கடைக்கு வந்ததும் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போடுவேன். அதே மாதிரி இன்னொரு டிஸ்க்கிலும் போட்டு, அதை வடக்குப்பட்டில் இருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போய், பீரோவில் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் செருகிவைப்பேன். கடையில் தீப்பிடித்தால் வீட்டில் இருக்கும். வீட்டில் திருடன் புகுந்தால் கடையில் இருக்கும். ஆல்பம் கைமாறிய பிறகுதான் கார்டைத் துடைப்பேன். கம்ப்யூட்டரில் இடம் அடைக்கிறது என்று அதிலிருந்தும் எடுத்துவிடுவேன். இணையத்தில் ஏற்றி வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எங்கள் கடை நெட்டுக்கு ஒரு கல்யாணம் ஏறவே இரண்டு நாள் பிடித்தது. அதோடு எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டரில் நம்ம ஊர்க் கல்யாணம் எதற்கு என்ற திமிரும் எனக்கு இருந்தது.

ஆல்பம் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே வசனம்தான். "உங்ககிட்ட இருக்கறது தொலைஞ்சாலும் என்கிட்ட ரெண்டு எடத்துல கீது. எப்ப வோணா வாங்க." இதைக் கேட்டுத்தான் பலர் என்னைத் தேடி வந்தார்கள். அவளும் அவள் புருஷனும் இதைக் கேட்டுக்கொண்டுதான் ஆல்பத்தை வாங்கிப் போனார்கள்.

அந்த இரண்டு டிஸ்க்கும் வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஒரே கூரைக்குக் கீழே வரும். ஆயுத பூஜை அன்று.

எங்கள் பக்கத்து ஆயுத பூஜையைப் பார்க்காதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். கார் செய்யும் கம்பெனியில் ரோபோவின் கைக்குச் சந்தனம் வைப்பார்கள். கம்பெனி பஸ்களுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள். வெளிநாட்டு மேனேஜர் நெற்றியில் குங்குமத்தோடு பூசணிக்காய் உடைப்பதை நானே எடுத்திருக்கிறேன். இரும்புக்கு அவ்வளவு மரியாதை என்றால் என் பிழைப்பே அடங்கிய இரண்டு பெட்டிகளுக்கு இல்லாமலா? அதனால் ஒவ்வொரு வருஷமும் வீட்டு டிஸ்க்கைப் பீரோவிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோவேன். சாமி படத்துக்குக் கீழே தரையில் வாழை இலை விரித்து, லென்ஸ், லைட், இரண்டு டிஸ்க் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைப்பேன். பக்கத்தில் பொரி, கடலை. அன்று பூஜையில் வைத்ததை மறுநாள் காலை விஜயதசமிக்குக் கற்பூரம் காட்டிய பிறகுதான் தொட வேண்டும். பேக்கப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்த எனக்கு, ஊரே கும்பிடுகிற அந்த ஒரு நாளில் மட்டும் புத்தி வேலை செய்ததில்லை.

போன வருஷமும் அப்படித்தான் வைத்தேன். கேமராவை மட்டும் கற்பூரம் காட்டிய கையோடு எடுத்துக்கொண்டேன். அன்று மூன்று கம்பெனி பூஜைகளுக்கு ஆர்டர் இருந்தது. தாயே, இது பொழப்பு, கண்டுக்காதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காசு வரும் கருவிக்குச் சட்டத்தைத் தளர்த்தத் தெரிந்தது எனக்கு. டிஸ்க்குகளுக்குத் தளர்த்தத் தோன்றவில்லை.

ஒரகடத்தில் கடைசி பூஜையை முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. வீடு பக்கம் என்பதால் நேராக வடக்குப்பட்டுக்குப் போய்விட்டேன். மனைவியும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். என் பையைப் பார்த்ததும் கேட்டாள்.

"டிஸ்க்கை எடுத்துக்கினு வரலியா?"

"நாளைக்குக் காலைல சாமி கும்பிட்டுத்தான் எடுக்கணும்."

"மழை இன்னா போடு போடுது பாரு."

"வருசா வருசம் பெய்யறதுதானே," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

என் கடை ஒரு காலத்தில் ரோட்டைவிட ஒரு படி உயரத்தில் இருந்தது. ரோட்டைப் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். இப்போது இரண்டு படி இறங்கித்தான் கடைக்குள் வர வேண்டும். பின்னால் இருந்த கால்வாயை யாரோ மண் கொட்டி மூடி காம்பவுண்டு சுவர் எழுப்பினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தரையில் இலை விரித்தேன்.

காலையில் ஷட்டரைத் தூக்கினால் முழங்கால் அளவு தண்ணீர். பொரி மேலே மிதந்தது. கையை விட்டுத் துழாவி டிஸ்க்குகளை எடுத்தேன். இரண்டிலும் சந்தனம் கரைந்து போயிருந்தது. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த சரஸ்வதி படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அதைக் கழற்றித் தண்ணீரில் வீசலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வீசவில்லை. பயந்தாங்கொள்ளிக்கு ஆத்திரம் வந்து என்ன ஆகும்.

அப்புறம் ஒரு படிக்காத மனிதன் செய்யும் எல்லாவற்றையும் செய்தேன். வெயிலில் காயவைத்தேன். போன் நனைந்தால் செய்வது போல அரிசிக்குள் புதைத்து வைத்தேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கடை டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினேன். உள்ளே ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. அதோடு அது போனது. வீட்டு டிஸ்க்கைச் செருகப் பயந்து மேஜை டிராயரில் போட்டு மூடினேன்.

ஆல்பம் கொடுக்க வேண்டிய இரண்டு கல்யாணங்களும் கார்டிலேயே இருந்தன. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனது எல்லாம் கொடுத்து முடித்த வேலை, எல்லோரிடமும் ஆல்பம் இருக்கிறது, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டேன். பழைய ஆட்களுக்கு ஒரு போன் போட்டு, "என்கிட்ட இருந்தது போச்சு, உங்ககிட்ட இருக்கறதைப் பத்திரமா வச்சுக்குங்க," என்று சொல்லியிருக்கலாம். டீக்கடையில் சிரிப்பார்களே என்று சொல்லவில்லை. தண்ணீர் புகுந்தது என்று மட்டும் சொன்னேன். புது ஆட்களிடம் பழைய வசனத்தையே பேசினேன்.

அன்றைக்கு அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தான். நடக்க ஆரம்பித்திருப்பான். நான் ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

அந்தப் பெண் வந்துபோன மறுநாளே டிராயரில் கிடந்த டிஸ்க்கைத் துணியில் சுற்றிச் சென்னைக்கு ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். போன டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுத்துக் கொடுக்கிற ஒருவர் மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்தார். டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப நனைஞ்சுது?"

சொன்னேன்.

"அப்பவே ஈரத்தோட கவர்ல போட்டு எடுத்தாந்திருந்தா முக்காவாசி வந்திருக்கும் தலைவரே. காய வச்சு, அஞ்சு மாசம் டிராயர்ல போட்டு வச்சிருக்கீங்க. உள்ள அப்படியே படிஞ்சிருக்கும்." டிஸ்க்கை மேஜையில் வைத்துவிட்டு, "இன்னா இருக்கு இதுல?" என்று கேட்டார்.

"ஒரு குழந்தை," என்றேன். அவர் டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு, மேலே என் நம்பரை எழுதிக்கொண்டார். பொறுமையாக இருங்கள், உறுதி சொல்ல மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த நாட்களில் அவள் வாரம் ஒருமுறை, லீவு நாளில் வந்துகொண்டிருந்தாள். கடைக்குள் வரமாட்டாள். மேல் படியில் நின்று எட்டிப் பார்ப்பாள். நான் "தேடிக்கினு இருக்கேம்மா," என்பேன். "பரவால்லண்ணா, பொறுமையா தேடுங்க," என்பாள். அவள் அவசரப்படுத்தியிருந்தால், திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் என்னை நம்பினாள். அதுதான் தாங்கவில்லை.

ஒரு நாள் அவள் புருஷன் வந்தான். நெடுஞ்சாலை ஓரமாகப் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான், எதற்குப் படம் கொடுக்கிறாய் என்று கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"அது இங்க வருதுன்னு எனக்குத் தெரியும்ணா," என்றான். "குடுத்துடுங்க. எங்க அம்மாவுக்கு மட்டும் தெரிய வாணாம்."

நான் ஸ்டூலைக் காட்டினேன். அவன் உட்காரவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில எங்க அம்மா அது தலைமாட்டுல உக்காந்துகினு அழி அழின்னு ஒரே புடியா இருந்துச்சு. என்னால முடியல. அப்புறம்தான் நெனச்சேன், ஸ்டூடியோ அண்ணன்கிட்ட ரெண்டு எடத்துல கீது. இப்ப அழிச்சுட்டா இன்னா, அது தேறினப்புறம் போய் வாங்கிக்கலாம். அந்தத் தைரியத்துலதாண்ணா எல்லாத்தையும் அழிச்சேன். இல்லன்னா அழிச்சிருப்பனா?"

அந்த இடத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். வெளியே பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவன், "வரேண்ணா," என்று படியேறிப் போய்விட்டான். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். அவன் விரல்தான் அழித்தது. ஆனால் அழிக்கும் தைரியத்தை என் வாய் கொடுத்திருந்தது.

பங்குனி பாதியில் ரிச்சி தெருவிலிருந்து போன் வந்தது. பெரும்பாலானவை போய்விட்டன. அந்தப் பிறந்தநாள் படங்கள் அறுநூறுக்கு மேல் இருந்தன. அதில் திறந்தது பதினொன்று. அந்தப் பதினொன்றும் முழுசாக இல்லை. கெட்டுப்போன படம் மேலிருந்து கொஞ்சம் தெரியும், பிறகு கீழே முழுக்கச் சாம்பல் நிறமாக நின்றுவிடும். எதில் எவ்வளவு தெரியும் என்பது அதன் அதிர்ஷ்டம்.

பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பலூன் வளைவு. அலங்காரத்துக்கு அவ்வளவு செலவு செய்திருக்கிறார்கள், மேலே முழுசாகத் தெரிய வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். அதனால் எப்போதும் கொஞ்சம் தள்ளி நின்று, மேலே நிறைய இடம் விட்டுத்தான் எடுப்பேன். குழந்தை கீழே சின்ன நாற்காலியில் இருப்பான். வளைவு தெரிந்தது. பெரியவர்களின் தலைகள் தெரிந்தன. மாமியார் தெளிவாகத் தெரிந்தாள். பையனின் தலைமுடிகூட ஒரு படத்திலும் இல்லை. இருபது வருஷமாக எடுக்கிறேன், என் தொழிலை அன்றைக்கு வெறுத்தது போல என்றைக்கும் வெறுத்ததில்லை.

ஒரு படத்தில் மட்டும் பையனின் அம்மா குனிந்து யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம் தொடங்கியது.

"இதைக் காட்டாத," என்று என் மனைவி சொன்னாள். "எதுவுமே வரலன்னு சொல்லிடு. பாவம், அது தாங்காது."

அவள் சொன்னது சரிதான். ஆனால் இன்னொரு முறை எதையாவது மறைத்துவைக்க என்னிடம் தெம்பு இல்லை. அடுத்த லீவு நாளில் அந்தப் பெண்ணும் புருஷனும் சேர்ந்தே வந்தார்கள். இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பூஜையைச் சொன்னேன், தண்ணீரைச் சொன்னேன், அரிசியைச் சொன்னேன், ஐந்து மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொன்னேன், ஏதோ கொஞ்சம் வந்திருப்பதையும் சொன்னேன். அவன் எழுந்து வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அடிக்க வந்திருந்தால் நான் கையைத் தடுத்திருக்க மாட்டேன்.

அவள் கோபப்படவில்லை. நான் சொன்னதில் பாதி அவள் காதில் ஏறியதா என்றே தெரியவில்லை. "ஏதோ வந்துதுன்னு சொன்னீங்களேண்ணா," என்றாள்.

அந்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான்தான் இது," என்றாள். "கேக்கு ஊட்டிக்கினு இருந்தேன். துப்பிட்டான், அதுக்குத்தான் சிரிக்கிறேன்." புருஷனைக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

பிறகு அவள் விரலைத் திரையில், அந்தச் சாம்பல் நிறத்தின் மேல் வைத்து, போனில் தள்ளுவது போல மேலே தள்ளினாள். நகரவில்லை. புடவை முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தள்ளினாள்.

"கீழ இழுங்கண்ணா," என்றாள். "அவன் கீழதான் கீறான்."

அவ்வளவுதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மௌஸைப் பிடித்துக் கீழே இழுத்தேன். சாம்பல் நிறம் ஓடியது, படத்தின் விளிம்பு வந்தது, அதற்கு மேல் போகவில்லை.

"இன்னும் கொஞ்சம்ணா," என்றாள்.